வாரோசுக்கு ஒரு பயணம்

இந்தோனேசியாவுக்குச் சென்று வந்தேன் என்று ஒருவர் சொன்னால், பாலித்தீவின் கடற்கரையையோ ஜக்கர்த்தாவின் மாடமாளிகைகளையோ கண்டு வந்தார் என்றே எண்ணிக்கொள்கிறோம். நாம் போகக் கருதியிருக்கும் ஊர் வேறு. சுமத்திராவின் மேற்குக் கரையில், நியாஸ் தீவு இருக்கும் திசையை நோக்கி நிற்கும் பாரூஸ் என்னும் சிற்றூர் அது. பயண ஏற்பாடு செய்வோரிடம் பெயரைச் சொன்னால் இரண்டாம் முறை கேட்கிறார்கள். விருதுநகர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவருக்கு ஊரின் பெயர் தெரியாமலிருக்கலாம். அவ்வூரின் பண்டம் தெரியும். பச்சைக்கற்பூரம் என்று அவர் எடைபோட்டுக் கொடுக்கும் பொருளின் பழைய வரலாறு பாரூஸில்தான் தொடங்குகிறது.

பழந்தமிழர் இவ்வூரை வாரோசு என்றனர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், மதுரை அங்காடியில் குவிந்திருந்த கற்பூர வகைகளை அடுக்கிச் சொல்லுமிடத்தில் வாரோசு என்ற பெயரையும் சேர்த்திருக்கிறார். ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. அரபு மாலுமிகள் இக்கரையை ஃபன்சூர் என்றனர். வணிகர் சுலைமானின் பெயரால் வழங்கும் 851ஆம் ஆண்டின் அரபுக் குறிப்புகளிலேயே ஃபன்சூர்க் கற்பூரம் பேசப்படுகிறது. 1292இல் சுமத்திராவில் தங்கியிருந்த மார்க்கோ போலோ, அது பொன்னோடு எடைக்கு எடை விற்கப்பட்டதென்று எழுதிவைத்தார். இத்தனை பேர் பேசிய ஊரை நம் பள்ளிப்பிள்ளைகள் வரைபடத்தில் சுட்டிக்காட்ட இயலாது என்பது நமக்கு வருத்தந்தான்.

ஆயினும் கற்பூரத்துக்காக மட்டும் நாம் புறப்படவில்லை. ஒரு கல்லுக்காகப் புறப்படுகிறோம்.

1873ஆம் ஆண்டு, டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், பாரூஸை அடுத்த லோபு துவா என்னும் இடத்தில் எழுத்துப் பொறித்த கல்லொன்று கண்டறியப்பட்டது. எழுத்தும் தமிழ், மொழியும் தமிழ். 1890களின் தொடக்கத்தில் ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதன் தன்மையை இனங்கண்டார். 1932இல் நீலகண்ட சாஸ்திரியார் அதைப்பற்றி விரிவாக எழுதினார். பின்னர் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதை மீண்டும் ஆராய்ந்து, சிதைந்த வரிகளுக்குத் திருத்தமான வாசிப்பைத் தந்தார். கல்லில் உள்ள காலம் சக ஆண்டு 1010, மாசித் திங்கள். அதாவது கி.பி. 1088.

கல் சொல்லும் செய்தி இதுதான்: மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம் என்றும் பெயர் கொண்ட வாரோசின் வேளாபுரத்தில், அதாவது துறைமுகப் பகுதியில், திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் கூடினர். கூடி, தம் மகனார் என்று அவர்கள் உரிமையோடு குறிப்பிடும் நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் உள்ளிட்டோருக்கு ஓர் உரிமையை வழங்கினர். துறைக்கு வரும் மரக்கல நாயன் முதலியோர், கத்தூரியின் விலையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்ட பொன்னை அஞ்சு துண்டாயம் என்ற கட்டணமாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னரே பாவாடை மேல் ஏற வேண்டும். பாவாடை என்பது இங்கே, மதிப்புக்குரியோர் நடந்து வருவதற்காகத் தரையில் விரிக்கப்படும் துணி. கல்லை நட்டவர்கள் அறத்தை மறவாதிருக்கும்படி அறிவுரையும் சொல்லி முடித்தார்கள்.

அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கல்லில் எந்த அரசனும் இல்லை. 1088 என்பது முதலாம் குலோத்துங்கன் சோழநாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம். தமிழகத்துக் கோயிற் சுவர்களில் அவனுடைய மெய்க்கீர்த்தி முழங்கிக்கொண்டிருக்க, கடலுக்கு அப்பால் கூடிய வணிகர்கள் மன்னனின் ஆட்சியாண்டைக் குறிக்காமல், சக ஆண்டைப் பொறித்து, தங்கள் கூட்டத்தின் பெயராலேயே கட்டளையிட்டிருக்கிறார்கள். அதற்கு 63 ஆண்டுகளுக்கு முன், 1025இல், இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பியது உண்மை. அவன் வென்றதாக மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் சிறீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் எல்லாம் உண்டு, வாரோசு இல்லை.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்த இடத்தில் ஒரு தமிழெழுத்தைக் கண்டுவிட்டால் போதும், புலிக்கொடியை நட்டு, படைமுரசைக் கொட்டி, அவ்வூரையே நம் பட்டயத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் மேடைகளில் வளர்ந்திருக்கிறது. பாரூஸ்காரர் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் ஊர் எங்கள் மன்னனுடையது என்று சொன்னால் அவர் நமக்குத் தண்ணீர் தருவாரா? வணிகர்கள் போனார்கள், இடம் பெற்றார்கள், தமக்குள் வரி வகுத்துக்கொண்டார்கள், பொருளை ஏற்றினார்கள். கல் காட்டுவது அவ்வளவே. நம் கருத்தில், படையெடுத்து வென்றதைக் காட்டிலும் அது கடினமான காரியம்.

இந்த ஐந்நூற்றுவர் நமக்கு அயலார் அல்லர். சிவகங்கைச் சீமையின் பிரான்மலையில் அவர்கள் கூடி வெட்டுவித்த பிற்காலக் கல்வெட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. உப்பு, நெல், மிளகு, பருத்தி, இரும்பு, மெழுகு, தேன், சந்தனம், அகில், குதிரை, யானை என்று தாம் விற்றுவாங்கும் பண்டங்கள் ஒவ்வொன்றின்மீதும் இவ்வளவு என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, அதைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அரசன் பிடுங்கிய வரியன்று; சந்தைக்காரர்கள் மனமொப்பி ஒதுக்கிய பங்கு.

விருதுநகர்க்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? அவர் மகமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களில் மாட்டுவண்டிகளோடு வந்து தங்கிய நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். வண்டியையும் சரக்கையும் பேட்டைக்குள் விட்டுப் பாதுகாக்கும் செலவுக்காக ஒவ்வொருவரும் ஒரு தொகை கட்டினார்கள். அதுவே மகமை. நாளடைவில், விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று அது நிலைபெற்று, உறவின்முறையின் பொதுநிதியாகியது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்த மகமைப் பணத்தில் எழுந்தது. பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் விற்ற காசு, பிள்ளைகளுக்கு எழுத்தாணியாகவும் பலகையாகவும் மாறியது. கடற்கரை ஊர்களில் வலையில் விழுந்த மீனிலும், தோணியில் வந்த சரக்கிலும் வழிபாட்டிடத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கத்தை நம் பெரியோர் அறிவர். பெயர்கள் மாறலாம்; முறை ஒன்றுதான்.

பாரூஸ் கல்லை இந்தக் கண்கொண்டு பார்த்தால் அதன் பொருள் சட்டென்று விளங்குகிறது. லோபு துவா என்பது கடல் கடந்த ஒரு பேட்டை. முன்பின் அறியாத கரையில், மொழி புரியாத மக்களிடையே, பருவக்காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கியாக வேண்டிய வணிகர்களின் பாதுகாப்பிடம். அங்கே ஒழுங்கு காக்க ஒரு சேனாபதி, அவனுக்குச் செலவு, அதற்கு ஒரு கட்டணம். கட்டணத்தைக் கட்டாதவன் எத்தனை பெரிய மரக்கலத்தில் வந்தாலும் பாவாடையில் கால்வைக்க முடியாது! விருதுநகர் மண்டிக்குள் மகமை கொடாதவனுக்கு இருந்த மரியாதையும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இவ்விரண்டுக்கும் நடுவே இரத்தத் தொடர்போ, அறுபடாத மரபோ உண்டென்று நாம் சாதிக்க வரவில்லை. எட்டு நூற்றாண்டு இடைவெளியை ஒரு சொல்லால் தாண்டிவிடக் கூடாது. தொலைவில் வாணிகம் செய்யும் மக்கள், காவலற்ற இடத்தில் தமக்குத் தாமே காவலாகும்போது ஒரே வகையான ஏற்பாட்டுக்கு வந்துசேர்கிறார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். பிற்காலத்திலும் இந்தக் கரிசல் காட்டு மக்கள் தொழிலைத் தேடித் தொலைதூரம் போகத் தயங்கியதில்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்துதானே, தீக்குச்சியும் பட்டாசும் அச்சுமாக இந்த வறண்ட பூமி பிழைத்தது!

முஸ்லிம் வாசகர்கள் ஐந்நூற்றுவரோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு பெயர் அஞ்சுவண்ணம். மேற்காசியாவிலிருந்து வந்து நம் கரைகளில் வாணிகம் செய்தோரின் குழு அது. 849ஆம் ஆண்டின் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அப்பெயர் காணப்படுகிறது. அச்செப்பேட்டில் கூஃபி எழுத்திலும் சாட்சிகள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் பழைய நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையிலும் அஞ்சுவண்ணத்தார் வருகிறார்கள். தோப்பில் முகம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு அஞ்சுவண்ணம் தெரு என்றே பெயர் வைத்தார். பாரூஸ் கல்லில் அவர்கள் பெயர் இல்லை. எனினும் 1995 முதல் பிரெஞ்சு அறிஞர் குளோட் கீயோவும் இந்தோனேசியத் தொல்லியலாரும் லோபு துவாவை அகழ்ந்தபோது, தென்னிந்திய மட்கலங்களுக்கும் சீனப் பீங்கானுக்கும் பக்கத்தில் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அவ்விடம் மக்கள் நெருங்கி வாழ்ந்த துறையாக இருந்ததென்பது அவர்கள் முடிவு.

இனி அந்தப் பண்டத்துக்கு வருவோம். கோயிலிலும் கடையிலும் நாம் இன்று காணும் சூடம், தேவதாரு இனத்துப் பிசின் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. சீனத்திலும் ஜப்பானிலும் இலவங்க இனத்து மரம் ஒன்றை வடித்துக் கற்பூரம் எடுத்தார்கள். பாரூஸ் கற்பூரம் இவ்விரண்டும் அன்று. 50 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளரும் ஒரு காட்டு மரத்தின் உள்வெடிப்புகளில், தானாக உறைந்து கிடக்கும் வெண்பளிங்கு அது. வெளியிலிருந்து பார்த்து மரத்துக்குள் கற்பூரம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். பல மரங்களை வீழ்த்தி ஒரு பிடி பெறுவதுண்டு. பொன்னின் விலை ஏன் என்பது இப்போது விளங்கும். அம்மரம் இன்று அரிதாகிவிட்டது என்பதும் அதே காரணத்தால்தான். இந்தோனேசியர் இன்று காப்பூர் பாரூஸ் என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை! பெயர் மட்டும் எஞ்சி, பொருள் போய்விட்டது.

காஃபூர் என்ற சொல் திருக்குர்ஆனில் 76ஆம் அத்தியாயத்தில் வருவதை அறியாத முஸ்லிம் இல்லை. சுவனத்தில் நல்லோர் பருகும் கிண்ணத்தின் கலவையாக அது சொல்லப்படுகிறது. மையித்தைக் குளிப்பாட்டும்போது இறுதி நீரில் கற்பூரம் சேர்ப்பது நபிமொழி வழிவந்த முறை. நம் ஊர்களில் எத்தனை பெரியவர்களைக் கற்பூர மணத்தோடு வழியனுப்பியிருக்கிறோம்! அம்மணத்துக்குப் புகழ் தேடித்தந்த கரையை ஒருமுறை மிதித்து வர வேண்டும் என்ற ஆசைக்கு வேறு நியாயம் தேவையில்லை என்றே நினைக்கிறோம். சாம்பிராணியும் அந்தக் கரையின் வழியே வந்ததுதான். பாரூஸுக்கு மேலேயுள்ள பத்தாக்கு மக்களின் மலைகளில் அம்மரத்தைக் கீறி இன்றும் பிசின் எடுக்கிறார்கள்.

பாரூஸில் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் கல்லறைகள். மஹ்லிகாய் என்னும் மேட்டில் எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள் நிறைந்திருக்கின்றன. பாப்பான் திங்கி குன்றின் உச்சியில் ஷெய்கு மஹ்மூது அவர்களின் நீண்ட கபுறு இருக்கிறது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். இவ்வடக்கத்தலங்களை முன்னிட்டு, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே இஸ்லாம் இங்கே வந்துவிட்டது என்று ஊரார் நம்புகிறார்கள். 2017 மார்ச் 24 அன்று அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோ, நுசந்தாரா இஸ்லாமிய நாகரிகத்தின் தொடக்கப்புள்ளி என்று பொருள்படும் நினைவுச்சின்னத்தை இங்கே திறந்துவைத்தார். கற்களின் எழுத்தைப் படித்த ஆய்வாளர்களோ, இக்கல்லறைகள் 14, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்கிறார்கள்.

எதை ஏற்பது? சோழன் கொடியை நட அவசரப்படாதே என்று பிறருக்குச் சொன்ன நாம், இங்கே மட்டும் அளவுகோலை மாற்றிக்கொள்ளல் நேர்மையாகாது. அரபு மாலுமிகள் 9ஆம் நூற்றாண்டிலேயே இத்துறையை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. கல்லறைகளுக்கு அவற்றின் எழுத்தே சான்று. முன்னோரின் வயதை ஏழு நூற்றாண்டு கூட்டிச் சொல்வதால் அவர்களுடைய பெருமை கூடாது. ஸலாம் சொல்லி, ஃபாத்திஹா ஓதி, படியிறங்கி வருவோம். ஊராரோடு இது குறித்து வழக்காடுவது விருந்தினருக்கு அழகன்று.

பாரூஸின் பெயரை மலாய் இலக்கியத்தில் நிலைநாட்டியவர் ஹம்ஸா ஃபன்சூரி. ஃபன்சூரி என்ற ஒட்டே அவருடைய ஊரைச் சொல்கிறது. மலாய் மொழியில் சூஃபித் தத்துவத்தைப் பாட்டாக வடித்த முன்னோடி. மக்காவில் கிடைத்த கல்லறைக்கல் ஒன்றைக் கொண்டு அவர் 1527இல் மறைந்தார் என்போரும், 16ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வாழ்ந்தார் என்போரும் உளர். அவர் காலத்துக்குப் பின், 1637இல் ஆச்சே வந்துசேர்ந்த குஜராத்து அறிஞர் நூருத்தீன் ரானிரி, அவருடைய கொள்கையை வழிகேடெனத் தீர்ப்பளிக்க, நூல்கள் தீக்கிரையாயின. ஆயினும் பாடல்கள் பிழைத்தன. தக்கலை பீர்முகம்மது அப்பாவையும் குணங்குடியாரையும் பயின்ற தமிழருக்கு ஹம்ஸாவின் குரல் புதிதாக இராது. கடலையும் அலையையும் காட்டி இறைமையைப் பேசும் முறை அங்கும் உண்டு. அவரை நேரே தமிழாக்க நம்மிடையே மலாயும் தமிழும் வல்லோர் முன்வர வேண்டும்.

இனிப் பயணத்தின் ஏற்பாடு. ஆறு நாள் போதும் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஐந்நூற்றுவருக்குப் போய்வர ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது. காற்று அவர்களுக்கு நாள் குறித்தது. நமக்கு விடுமுறையும் விமானமும் குறிக்கின்றன. திருச்சியிலோ சென்னையிலோ ஏறிக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மேடான் போய்விடலாம். 2013இல் திறந்த குவாலாநாமு நிலையத்தில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசாவை இறங்கிய பின்பே பெறும் ஏற்பாடு உண்டு. விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். மேடானில் ஓரிரவு. முன்பு கம்போங் கிளிங் என்றும் இப்போது கம்போங் மெட்ராஸ் என்றும் வழங்கும் தமிழர் பகுதியில் மாரியம்மன் கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய கௌதிய்யா பள்ளிவாசலும் இருக்கின்றன. பகல் தொழுகை அங்கே.

மேடானிலிருந்து பாரூஸ் செல்ல மலைவழி ஒன்று உண்டு. பெரஸ்தாகி, சிடிகாலாங், டோலோக் சாங்குல், பாக்காத் என்று ஏறி இறங்குவது. ஒரு பகல் முழுதும் பிடிக்கும். பெரஸ்தாகி கரோ மக்களின் நாடு. அவர்களுள் செம்பிரிங் என்னும் குலத்தின் கிளைப்பெயர்களில் சோலியா, பாண்டியா, மெலியாலா என்பன உண்டு. சோழரையும் பாண்டியரையும் மலையாளத்தையும் நினைவூட்டும் பெயர்கள்! வழியில் வண்டியை நிறுத்தி ஒரு பாண்டியாவைக் கண்டு கைகுலுக்க வேண்டும் என்று நம்மில் ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். டோலோக் சாங்குலில் சாம்பிராணிச் சந்தை. பாரூஸில் இரண்டிரவு. திரும்பும்போது கடற்கரையோரமாகத் தெற்கே சிபோல்கா சென்று, பினாங்சோரி நிலையத்தில் சிறு விமானம் பிடித்து மேடான் சேர்வது.

2025 நவம்பர் இறுதியில் சுமத்திராவைத் தாக்கிய பெருவெள்ளமும் மண்சரிவும் சிபோல்காவையும் பாரூஸ் அடங்கிய மத்திய தப்பானுலியையும் கடுமையாகப் பாதித்தன. ஆதலால் சாலைகளின் நிலையை மேடானிலேயே விசாரித்துத் துணிவது நலம். அக்கரையில் ஆண்டின் இறுதி மாதங்களில் மழை மிகுதி. நாம் ஆனி, ஆடியை எண்ணியிருக்கிறோம். கையுறையாக என்ன கொண்டுபோவது என்ற பேச்சும் எழுந்தது. சிவகாசிச் சரக்கில் புகழ்பெற்றது விமானத்தில் ஏறாது. அச்சிட்ட நாள்காட்டி ஏறும். ஹிஜ்ரி மாதம் குறித்ததாகப் பத்து எடுத்துக்கொள்வோம்.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். எந்தக் கல்லுக்காக இத்தனையும் செய்கிறோமோ, அந்தக் கல் பாரூஸில் இல்லை. அது ஜக்கர்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல காலமாகிறது. 2023 செப்டம்பரில் அங்கே தீ விபத்து நேர்ந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தார்கள். கல் பொதுமக்கள் பார்வையில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்று கேட்டு அங்குள்ளோருக்கு எழுத வேண்டும். பார்க்கலாம் என்று விடை வந்தால் மேலும் இரண்டு நாள், மேலும் ஒரு விமானச்சீட்டு. கல்லைப் படித்துவிட்டு ஊருக்குப் போனால் ஊர் விளங்கும் என்கிறார் ஒருவர். வேளாபுரம் இருந்த மணலில் நின்ற பிறகே கல் பேசும் என்கிறார் மற்றவர். செலவுக் கணக்கை வைத்திருப்பவர் இன்னும் வாய் திறக்கவில்லை.